காதில் சீழ் வருகிறதா? தலையணை உறையிலிருந்து தொடங்குங்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் பிள்ளையை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "எவ்வளவு சின்னதா சத்தம் கேட்டாலும் கையைத் தூக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து மெஷினைத் திருப்புவேன். கொஞ்ச நாள் முன்பு நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தாள். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன், கை எழவில்லை. வலது காதில் 40 டெசிபெல் தாண்டிய பிறகுதான் தூக்கினாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா, "கூப்பிட்டா திரும்ப மாட்டா மேடம். திமிருன்னு நெனச்சு அடிச்சிருக்கேன்" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். காது ஒழுகுமா என்று கேட்டேன். "ரெண்டு வயசுல இருந்து வரும், போகும். இப்ப நின்னு போச்சு. அதான் விட்டுட்டோம்."

அந்த "நின்னு போச்சு" என்ற பேச்சை நான் வாரத்தில் பல தடவை கேட்கிறேன். சீழ் நின்றிருக்கும், ஓட்டை அப்படியே இருக்கும். வீட்டில் யாருக்காவது காது ஒழுகி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

காதுத் துளைக்குள் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் போனால் செவிப்பறை. விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் நடுக்காது. காற்று நிரம்பிய சின்ன அறை அது. அதற்குள்தான் சுத்தி, பட்டை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் சத்தத்தைக் கைமாற்றி உள்காதுக்குக் கொடுக்கின்றன. இந்த அறைக்குக் காற்று வருவது மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் ஒரு குழாய் வழியாக. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாக, படுத்த வாட்டத்தில் இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடுகிறது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் பாட்டிலை வாயில் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நடுக்காதில் சீழ் கட்டினால் வலி உயிரை எடுக்கும். ராத்திரி முழுக்க அழுத பிள்ளை விடியற்காலையில் திடீரென்று அமைதியாகும், காதில் ஈரம் தெரியும். பறை கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்தக் கிழிசல் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாது. ஓட்டை நிலைத்துப் போய், சளி பிடிக்கும்போதும் தண்ணீர் போகும்போதும் மறுபடி மறுபடி சீழ் வரும். ஓட்டை வழியாக இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வந்தாலே உலக சுகாதார நிறுவனம் அதை நாட்பட்ட நோய் என்று கணக்கில் எடுக்கிறது. ஆறு வாரம், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்கிற மருத்துவர்களும் உண்டு. அதே நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, உலகத்தில் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேர் வரை காது ஒழுகலோடு இருப்பதாகவும், அவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கேட்கும் திறன் கணிசமாகக் குறைந்திருப்பதாகவும் மதிப்பிட்டது.

நாட்பட்ட நிலையில் பொதுவாக வலி இருக்காது. அதனால்தான் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது

காலையில் தலையணை உறையைப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: கறை எவ்வளவு, வாடை எப்படி. நாள்பட்ட சீழில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகையில் சீழ் நிறைய வரும், சளி போல நூலாக இழுக்கும், பெரிதாக நாற்றம் இருக்காது. சளி பிடித்தால் வரும், பிறகு மாதக்கணக்கில் நிற்கும். ஓட்டை பறையின் நடுப்பகுதியில் இருக்கும். மருத்துவர்கள் இதைப் பேச்சுவழக்கில் 'சேஃப்' என்பார்கள். இரண்டாவது வகையில் சீழ் கொஞ்சம்தான், சில சமயம் ரத்தம் கலந்து வரும். ஆனால் அழுகின வாடை அடிக்கும், எத்தனை தடவை துடைத்தாலும் போகாது. இதில் பறையின் மேல் பக்கமோ ஓரமோ உள்ளே இழுக்கப்பட்டு, அங்கே தோலின் செதில்கள் மூட்டையாகச் சேர்ந்துகொண்டே போகும். கொலஸ்டியடோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டு போகும். இது 'அன்சேஃப்'. கொஞ்சமாகத்தானே வருகிறது என்று நினைத்து அலட்சியமாக விடுவது இந்த வகையைத்தான், அதுதான் எனக்குப் பதைப்பு. அளவு குறைவு என்பது நல்ல செய்தி இல்லை. வாடை இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் வாடைக்கு வெட்கப்பட்டு முடியை இறக்கிவிட்டுக் காதை மறைப்பார்கள், கல்யாணப் பேச்சு வந்தால் வீடே மறைக்கும். தயவு செய்து அவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அடையாளங்கள் இவை: காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது, வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கண்ணை மூட முடியாமல் போவது, உலகமே சுற்றுகிற மாதிரித் தலைசுற்றல், காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, ஆள் மசமசவென்று தூங்கி வழிவது. இத்தனை நாள் வலிக்காத காதில் புதிதாக வலி வந்தாலும் அப்படித்தான். நடுக்காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. சீழ் அதைத் தாண்டினால் மூளைக் காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி என்று போகும். இதில் ராத்திரி, பகல் பார்க்கக் கூடாது.

மருத்துவர் என்ன செய்வார்

முதலில் காதைச் சுத்தம் செய்யாமல் எதுவும் தெரியாது. ஒரு மெல்லிய குழாயால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். 'உர்ர்' என்று பெரிய சத்தம் கேட்கும், சிலருக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றும். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயப்படாது. பிறகு ஆட்டோஸ்கோப்பாலோ, மைக்ராஸ்கோப்பாலோ பார்த்து ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, மேல் பக்கத்தில் செதில் மூட்டை இருக்கிறதா என்று சொல்வார்கள். காது நிறையச் சீழை வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதினால், அது இன்னும் முடிவான பரிசோதனை இல்லை. "சுத்தம் பண்ணி ஓட்டையைப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து இசைக்கவை. தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை அது. நடு நெற்றியில் வைத்து, எந்தக் காதில் சத்தம் அதிகம் என்று கேட்பார்கள். ஒழுகுகிற காதில்தான் அதிகமாகக் கேட்கும். நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறோமோ என்று தயங்கி, நல்ல காதைக் காட்டிவிடுவார்கள். கேட்பதைக் கேட்டபடியே சொல்லுங்கள். நடுக்காதில் கோளாறு இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

பிறகு என் அறை. கேட்கும் அளவை வரைந்து காட்டும் ஆடியோகிராம் தாளில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. 20 டெசிபெலுக்குள் இருந்தால் நலம். 35 முதல் 50 வரை மிதமான குறைபாடு; கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு வாத்தியார் சொல்வதில் பாதி போய்விடும். ஹெட்போன் வழியாக ஒரு தடவையும், காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்து இன்னொரு தடவையும் சோதிப்போம். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் குறைவாகக் கேட்டால் நரம்பு நன்றாக இருக்கிறது, கோளாறு பறையிலோ குட்டி எலும்பிலோதான். அந்த இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டி, "இது ஆபரேஷனில் மீட்க வாய்ப்புள்ள பங்கு" என்று நான் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் வரும் தெளிச்சிக்காகவே இந்த வேலையை நேசிக்கிறேன். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் குட்டி எலும்பும் அரிக்கப்பட்டிருக்கலாம்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. மேல் பக்க ஓட்டை, செதில் மூட்டை, மேலே சொன்ன அபாய அடையாளம், ஆபரேஷன் திட்டம் இருந்தால் காதைச் சுற்றியிருக்கும் பொட்டெலும்புக்கு சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள்.

வீட்டு வைத்தியம் என்றால் இதுதான்: திரியும் சொட்டும்

சொட்டு மருந்தைச் சீழின் மேலேயே ஊற்றினால் அது பறை வரை போகாது. முதலில் காய வைக்க வேண்டும். அதற்குத் திரி. விளக்குத் திரி உருட்டத் தெரிந்த வீடுகளில் இது ஐந்து நிமிஷ வேலை, ஒரே ஒரு மாற்றம்: தொடையில் வைத்து உருட்டாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவி உலர்ந்த கையில், மருந்துக்கடைப் பஞ்சை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். நுனி மெத்தென்று இருக்க வேண்டும். குச்சி, தீக்குச்சி எதுவும் உள்ளே வேண்டாம். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. துளை நேராகும். திரியை மெதுவாகத் தள்ளி, அரை நிமிஷம் வைத்து, எடுத்துப் பாருங்கள். ஈரமாக வந்தால் புதுத் திரி. காய்ந்து வரும் வரை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை.

எத்தனையாவது திரி காய்ந்து வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண் பின்னால் உதவும்.

அப்புறம் சொட்டு. புட்டியை உள்ளங்கையில் இரண்டு நிமிஷம் பொத்தி உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்த மருந்து விட்டால் தலை சுற்றும். நோயுள்ள காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவர் சொன்ன சொட்டுகளை விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை ஐந்தாறு தடவை அமுக்கி அமுக்கி விடுங்கள். மருந்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். தொண்டையில் கசக்கிறது என்று பிள்ளை சொன்னால் பயப்பட வேண்டாம், மருந்து போக வேண்டிய வழியில் போகிறது. ஐந்து நிமிஷம் அப்படியே படுத்திருக்கட்டும்.

பொதுவாக எழுதுவது சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின் சொட்டு. சூடோமோனாஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு மாத்திரையைவிடக் காதில் நேராக விடும் சொட்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எல்லாக் காதுச் சொட்டும் ஒன்றல்ல. ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டையுள்ள காதில் உள்காதைக் கெடுக்கக்கூடும். அழுக்கு கரைக்கும் சொட்டும் கூடாது. மருந்துக்கடையில் "காது வலிக்கு ஒரு சொட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை இதற்காகவே விட வேண்டும்.

இரண்டு, மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் காயவில்லை என்றால் மறுபடி போங்கள். சொட்டை நாள் கணக்கில்லாமல் விட்டதால் பூஞ்சை பிடித்திருக்கலாம்; அரிப்பும், நனைந்த செய்தித்தாள் மாதிரிக் கறுப்பு வெள்ளையுமாக வரும். கிருமிக்கு அந்த மருந்து பிடிக்காமல் இருக்கலாம், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கச் சீழைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். காசநோய் காதிலும் வரும் என்பதை நம் நாட்டில் மறக்கவே கூடாது. சர்க்கரை உள்ள பெரியவருக்குக் காதில் தூக்கம் கெடுக்கும் வலி என்றால் அது வேறு கடுமையான தொற்றாக இருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

இனிமேல் அந்தக் காதுக்கு ஆகாதவை

எண்ணெய். காய்ச்சின நல்லெண்ணெய், பூண்டு போட்ட எண்ணெய், எதுவுமே. தாய்ப்பால் வேண்டாம். கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் வேண்டாம். பாட்டி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பறை முழுசாக இருந்த காலத்துப் பழக்கம் அது. ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போகிறது. "டாக்டர் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம்னுட்டார் பாட்டி" என்று டாக்டர் மேல் பாரத்தைப் போட்டுவிடுங்கள், சண்டை வராது.

தலைக்கு ஊற்றும்போது வாசலின் தடவிய பஞ்சு உருண்டையைக் காதுத் துளையின் வாயிலில் அடைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கப் பஞ்சை அடைத்து வைத்தால் உள்ளே புழுங்கி இன்னும் மோசமாகும். கிணறு, வாய்க்கால், நீச்சல் குளத்தில் முங்குவது இல்லை. மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. ஒரு பக்கமாக மெதுவாக.

நோட்டுப் புத்தகம்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் அறைக்கு ஒருமுறை வந்த ஒருவர், வேறு எங்கோ ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு காது இன்னும் மந்தமாகிவிட்டது என்று கலங்கினார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஆடியோகிராமைக் கேட்டேன். இல்லை, எங்கே போனது என்றே தெரியாது. முன்பு எவ்வளவு கேட்டது என்று தெரியாமல், இப்போது குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று யார் சொல்வது? அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒழுகும் நாளில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, எந்தக் காது, நிறம், வாடை உண்டா, எத்தனையாவது திரி காய்ந்து வந்தது, சளி இருந்ததா, தண்ணீர் போனதா, என்ன மருந்து. உதாரணத்துக்கு, "ஜூன் 12. வலது. மஞ்சள், வாடை இல்லை. 5ஆவது திரி காய்ந்தது. முந்தாநாள் வாய்க்காலில் குளித்தான். சொட்டு 3ஆவது நாள்." இப்படி மூன்று மாதம் இருந்தால், தண்ணீரால் வருகிறதா சளியால் வருகிறதா என்று மருத்துவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ஒவ்வொரு சளிக்கும் ஒழுகுகிறது, வாயைத் திறந்து தூங்குகிறான் என்று தெரிந்தால் மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையைப் பார்ப்பார்கள். சீழ் நின்ற தேதியையும் எழுதுங்கள். அதை எழுத எல்லோரும் மறக்கிறார்கள், ஆபரேஷனுக்கு நாள் குறிக்க அதுதான் முதலில் வேண்டும்.

நோட்டோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் ஓ.பி. சீட்டு, ஆடியோகிராம், ஸ்கேன் எல்லாம் தேதிப்படி இருக்கட்டும். நடுக்காதின் காற்றழுத்தத்தை அளக்கும் சோதனையின் முடிவு சில இடங்களில் பஸ் டிக்கெட் மாதிரி வழவழத் தாளில் வரும். ஒரு வருஷத்தில் எழுத்து மறைந்துவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மருந்துப் பெட்டியின் பெயர் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம்.

சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஓ.எம். என்றால் நாட்பட்ட நடுக்காதுச் சீழ். பக்கத்தில் டி.டி.டி. என்று இருந்தால் சேஃப் வகை, ஏ.ஏ.டி. என்றால் அன்சேஃப். ஆர்.டி. வலது, எல்.டி. இடது, பி பார் எல் இரண்டு காதும். சி.பி. நடு ஓட்டை. பி.டி.ஏ. நான் செய்யும் சோதனை. எச்66.1, எச்66.2 என்று குறியீடு போட்டிருந்தால் அவை முறையே அதே இரண்டு வகைகளுக்கான நோய் எண்கள். எந்தக் காது, எந்த வகை, ஓட்டையின் இடம் என்ற மூன்றும் சீட்டில் இல்லை என்றால், அறையை விட்டு வெளியே வரும் முன் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் என்று சொன்னால்

சேஃப் வகையில் காது சில வாரமாவது காய்ந்திருக்கும்போது ஓட்டையை அடைப்பார்கள். காதுக்கு மேல், பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்துப் பறைக்கு ஒட்டுப் போடுவது. பெரும்பாலோருக்கு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அன்சேஃப் வகையில் காயும் வரை காத்திருக்க மாட்டார்கள். காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பைக் குடைந்து, செதில் மூட்டையை முழுசாக எடுக்க வேண்டும். அங்கே முதல் நோக்கம் உயிரும் மூளையும், கேட்பது அடுத்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். மூட்டை மறுபடி வளரலாம் என்பதால் வருஷக்கணக்கில் போய்க் காட்ட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்கு எழுதிய ஆபரேஷன் அதில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது அந்த ஃபைலைத்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் வரை தலைக்கு ஊற்றக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அடக்கித் தும்மினால் காற்று குழாய் வழியாக ஏறி ஒட்டைத் தள்ளிவிடும்.

பள்ளிக்கு ஒரு கடிதம்

எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இதை நாளைக்கே செய்யலாம். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டக் குழுவின் பட்டியலில் நடுக்காதுத் தொற்றும் உண்டு. 2013இல் தொடங்கிய திட்டம் அது. அவர்கள் வரும் நாளில் பிள்ளையின் நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். தலைமையாசிரியருக்கு நான்கு வரி எழுதி, ஆடியோகிராம் ஜெராக்ஸை இணையுங்கள்: எந்தக் காதில் குறைவு, முதல் பெஞ்சு வேண்டும், நல்ல காது வகுப்பின் நடுப்பக்கம் பார்த்து இருக்கும்படி இடம் வேண்டும், ஓரமாகக் கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். அந்த நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இடது காதுதான் நன்றாகக் கேட்கிறது. அதனால் வகுப்பின் வலது ஓரம், முதல் பெஞ்சு என்று அவள் அம்மாவுக்குக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை வந்தபோது நோட்டு கையில் இருந்தது. கடைசி வரி பிள்ளையின் கையெழுத்தில் இருந்தது: "சீழ் இல்லை. 1ஆவது திரியே காய்ந்து வந்தது."